ராசியான குழாய்கள்

அது தொண்ணூற்றேழா, தொண்ணூற்றெட்டா என்று இப்போது உறுதியாகச் சொல்ல முடியவில்லை. கோபம் மட்டும் தெளிவாக நினைவிருக்கிறது.

பெரியநாயக்கன்பாளையத்துப் பம்பு கம்பெனியில், சர்வரோடு இணைத்திருந்த பழைய கம்ப்யூட்டர்கள் ஊர்ந்தன. பில் போடும் சாந்தாமணிதான் மந்தம் என்று முதலாளி கோவிந்தராஜுலு அவரை வேலையை விட்டு நிறுத்தவிருந்தார். பழுது பார்க்கப் போன நான் முதலாளி அறையிலிருந்த சர்வரைப் பார்த்தேன். ஸ்கிரீன் சேவரில் வண்ணக் குழாய்கள் வளைந்து வளைந்து ஓடின. சர்வரின் சக்தியையெல்லாம் அதுதான் தின்றது. அதை நிறுத்தியதும் பில்கள் மளமளவென்று வந்தன.

“ஏனுங்க, அதை மறுபடி போட்டுருங்க. பைப்பு ஓடறது நம்ம தொழிலுக்கு ராசிங்க,” என்றார் முதலாளி.

“அப்ப அந்த அம்மணியோட வேலைங்க?”

“வேற ஆள் பாத்துக்கலாமுங்க.”

இவ்வளவு மரியாதையாக ஒருவர் இன்னொருவர் வயிற்றில் அடித்து நான் பார்த்ததில்லை. என் பையை எடுத்துக்கொண்டு வெளியேறினேன்.

சாந்தாமணி அந்த மாதமே வேலையிழந்தார். பிறகு பொள்ளாச்சியில் ஒரு கொப்பரை மண்டியில் சேர்ந்தார். குழாய்கள் மறுபடி ஓட, பில்கள் அப்போதும் ஊர்ந்தன; கோவிந்தராஜுலு எல்லாக் கம்ப்யூட்டர்களையும் புதிதாக மாற்றினார். நான் அங்கே மறுபடி போகவில்லை.