சுவரோடு சாய்ந்த கல்யாணம்

நான்கு மணிக்குள், கான்கிரீட்டுக்குப் பலகை அடிக்கும் சென்ட்ரிங்காரனுக்குப் பதிவுத் திருமணம். மறுநாள் முதல் பதிவாளருக்கு ஒரு மாத விடுப்பு. ஆகவே கலவை போடும் மச்சான், அதாவது பெண்ணின் அண்ணன், ஒரு நல்ல காரியம் செய்தான். அன்று ஊற்றவேண்டிய சுவரின் கான்கிரீட் இறுகுவதைத் தாமதப்படுத்தும் கெமிக்கலை இரண்டு மடங்கு ஊற்றினான்.

"கல்யாணத்த முடிச்சிட்டு வந்து மேல்பக்கம் தேய்ச்சுக்கலாம் மாப்ள. அதுவரைக்கும் நமக்காகக் காத்திருக்கும்."

காத்திருந்தது. வழக்கமாக மேலே ஊற்றுவதற்குள் அடி இறுகிவிடும். அந்தக் கணக்கில்தான் சென்ட்ரிங்காரன் பலகைக்கு முட்டு கொடுத்திருந்தான். இரண்டு மணிக்குச் சுவர் மூன்று மீட்டரைத் தொட்டபோது அடியும் கூழ், உச்சியும் கூழ். பலகை வயிறு தள்ளியது. அவன் ஓடிப்போய் முதுகைக் கொடுத்தான். பலகை நின்றது. முதுகை எடுத்தான். முனகியது. மறுபடி கொடுத்தான்.

மீதி முட்டுகள் வேறு சைட்டில் இருந்தன. வேலையாட்கள் சாய்ந்தார்கள். மூன்று மணிக்கு வேனில் வந்த உறவினர்கள் பட்டுப் புடவையோடு சாய்ந்தார்கள்.

கான்கிரீட் சோதனைக்கூடத்தில் வேலை பார்க்கும் மணப்பெண், கலவையை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"தண்ணி மாதிரி இருக்கிற வரைக்கும் மொத்த பாரமும் பலகை மேலதான்ணா. ஒரு மடங்குக்கே நாலு மணி நேரம் தள்ளிப்போகும்."

"டப்பால அளவோட ஊத்தவும்னுதான் போட்டிருந்துது. நான் அளந்துதான் ரெண்டு தடவ ஊத்துனேன்."

"நீ பேசாத. நல்லா சாய்."

மூன்றே முக்காலுக்குப் பதிவேட்டோடு பதிவாளரை ஆட்டோவில் அள்ளிக்கொண்டு வந்தார்கள். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

"சாய்ஞ்சுக்கிட்டுப் போட்ட கையெழுத்து செல்லாது. ரெண்டு பேரும் நேரா நில்லுங்க."

"நான் நிமிர்ந்தா சுவர் வந்துரும் சார்."

"அது என் துறை இல்ல."

மணப்பெண் வரிசையைப் பார்த்தாள். பெரியப்பா, சித்தி, வேன் டிரைவர், ஆட்டோக்காரர், எல்லோரும் சாய்ந்திருந்தார்கள். அவளைத் தவிர சும்மா நின்றது ஒரே ஒரு முதுகு.

"சார், ஒரு நிமிஷம் இவர் இடத்துல நில்லுங்க. பதிவேட்ட நான் பிடிச்சுக்கிறேன்."

ஒரு நிமிஷம்தானே என்று அவர் சாய்ந்தார். பலகையின் முனகல் நின்றது. இருவரும் நேராக நின்று கையெழுத்திட்டார்கள். முத்திரை அவர் சட்டைப் பையில் இருந்தது. அனுமதி கேட்டு எடுத்து அவளே குத்தினாள். மணி மூன்று ஐம்பத்தெட்டு. அதற்குள் பக்கத்துப் பலகை வயிறு தள்ள, சென்ட்ரிங்காரன் அங்கே ஓடி முதுகைக் கொடுத்தான்.

"இப்ப நான் போகலாமா?" என்றார் பதிவாளர்.

அவர் சற்று நிமிர்ந்தார். பலகை முனகியது. பெரியப்பா, "சார்!" என்று அலறினார்.

பதிவாளரின் விடுப்பு அங்கேயே தொடங்கியது.