முத்தலிபு வீட்டுப் பால்

புத்தளம் கடைத்தெருவில் ஸப்வானிடம் விலை குறைத்து வாங்கிப் போனவர்கள் என்று யாரும் இல்லை. குறைத்து வாங்கிவிட்டோம் என்று நம்பிக்கொண்டு போனவர்கள்தான் நிறையப் பேர். கயிறு, தார்ப்பாய், நைலோன் வலை என்று நிறைந்து கிடக்கும் கடை. உடப்புக் கடற்கரையிலிருந்து வருகிற, தோணியும் வலையும் சொந்தமாக உள்ள சம்மாட்டிமார் காலையில் ஏறினால் தேத்தண்ணி இரண்டு தரம் வந்து போகும். கோபித்துக்கொண்டு படியிறங்குவார்கள், திரும்பி வருவார்கள், கடைசியில் இரண்டு பக்கமும் தோற்றுப்போன முகத்தை வைத்துக்கொண்டு உள்ளுக்குள் சிரித்துக்கொள்ளும். அப்படிப்பட்ட ஸப்வானிடம் பேரத்துக்குப் படியாத ஒரே ஆள் அவனுடைய சொந்த வயிறு. அதுவும் பால் விஷயத்தில் மட்டும்.

பால் படாத வெறும் தேத்தண்ணி எவ்வளவு போனாலும் வயிறு வாய் திறக்காது. ஒரு கிளாஸ் பால் போய்விட்டால் முதலில் உள்ளே கூட்டம் கூடும், பிறகு கோஷம் எழும், அதற்குப் பிறகு ஊர்வலம் புறப்பட்டுவிடும்.

யுத்தத்தில் மன்னார் முஸ்லிம்கள் எல்லாரும் துரத்தப்பட்ட தொண்ணூறில் வந்து, புத்தளத்து முகாமில் வளர்ந்த பிள்ளை அவன். நிவாரணத்தில் வந்த பால்மாவை உம்மா மைமூனா கரைத்து, மூக்கைப் பிடித்துப் பருக்குவாள். முகாமில் அரிசிக்கு வரிசை, தண்ணிக்கு வரிசை, கக்கூசுக்கும் வரிசை. பால் குடித்த வயிற்றோடு அந்தக் கடைசி வரிசையில் நின்ற பிள்ளைக்கு யுத்தம் என்றால் என்னவென்று யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. பிறகு யுத்தம் முடிந்தது, வரிசைகளும் போயின. வயிறு மட்டும் சமாதானத்துக்கு வரவில்லை.

அவனுக்கு மதுரங்குளிப் பக்கத்துக் கனமூலைக் கிராமத்தில் பெண் பேசியவர் தரகர் ஹயாத்து முகம்மது. பெண்ணின் வாப்பா முத்தலிபுவுக்குத் தென்னந்தோட்டம் இருந்தது, ஊரில் பேர் இருந்தது, எல்லாவற்றுக்கும் மேலாகச் செவலை என்ற பசுமாடு இருந்தது. பெண் பார்க்கப் போகும் வழியில் தரகர் சொன்ன புத்தி ஒன்றுதான்: "குடுக்கிறதத் தின்னுங்க, குடுக்கிறதக் குடிங்க. கதைய நான் பாத்துக்கிறன்."

பெண் வீட்டில் இனிப்புக்கு வட்டிலப்பத் தட்டைக் கொண்டுவந்து வைத்தவள் மணப்பெண் ஆதிலாவேதான். வைத்தவள் சும்மா போகவில்லை.

"உங்கட கடையில கயித்தக் கையால அளக்கிறதா, கோலால அளக்கிறதா?"

"வாங்க வார ஆளப் பொறுத்து," என்றான் ஸப்வான்.

அவள் சிரித்தாள். விலை கேட்காமல் ஸப்வான் வாங்கிய முதல் சாமான் அந்தச் சிரிப்பு.

அதற்குப் பிறகுதான் அவளுடைய உம்மா றஹ்மத் உம்மா பாலோடு வந்தாள். மாப்பிள்ளைக்கு உயரமான கிளாஸ் நிறைய. முத்தலிபுவுக்கு அவருக்கென்றே வைத்திருந்த பூப்போட்ட பீங்கான் கோப்பையில்.

"குடிங்க மகன்," என்றார் முத்தலிபு. "இது பெட்டியில வார மாப்பால் இல்ல, நம்மட செவலட பால். முந்தி எனக்கும் பால் குடிச்சா வயிறு உப்பிக்கிட்டுத்தான் நிக்கும். ரெண்டு வருசமா, இவள் கன்டு போட்டதிலிருந்து, ஒரு கோளாறும் இல்ல. பாலுல பிழையே இல்ல மகன், மாட்டிலதான் பிழை. நல்ல மாடு வாய்க்கோணும்."

சொல்லிவிட்டுத் தன் கோப்பையை ஒரே மூச்சில் குடித்து மீசையைத் துடைத்துக்கொண்டார். அந்தத் துடைப்பில் இருந்த சுகத்தைப் பார்த்த ஸப்வானுக்கே ஓர் ஆசை வந்துவிட்டது. இவ்வளவு காலமும் தப்பான மாட்டின் பாலைத்தான் குடித்துவிட்டோமோ? அவன் கிளாஸைக் காலி செய்தான்.

சீதனம் வேண்டாம் என்ற கதையைத் தரகர் ஆரம்பிக்கும்போதே உள்ளே கூட்டம் கூடிவிட்டது. கலியாணத்துக்கு எடுக்க வேண்டிய பள்ளிவாசல் கடிதம் பற்றிப் பேச்சு வந்தபோது கோஷம். ஸப்வான் எழும்பினான்.

"எங்க மகன்?"

"கடை... கடையில ஒரு..."

வாக்கியத்தை முடிக்கும் நிலையில் அவன் இல்லை. வாய் நிறைய வட்டிலப்பத்தோடு இருந்த தரகரைக் கதிரையில் விட்டுவிட்டு மோட்டார் சைக்கிளில் பறந்தான். மதுரங்குளிப் பள்ளிவாசலின் கக்கூசில் போய்த்தான் இறங்கினான். அதற்கு முன், முத்தலிபு வீட்டு வாசலைத் தாண்டும்போது திரைச்சீலைக்குப் பக்கத்தில் நின்ற ஆதிலாவைக் கண்டான். அவள் கோபப்பட்டதாகத் தெரியவில்லை. எங்கேயோ பார்த்த முகம், எங்கே என்று யோசிப்பவள் போலத் தலையைச் சாய்த்துக்கொண்டு அவனையே பார்த்தாள்.

அடுத்த நாள் ஹயாத்து முகம்மது புத்தளத்துக்கு வந்து, ஸப்வான் வீட்டு மேசையில் குடையை அறைந்துவிட்டு உட்கார்ந்தார்.

"பொண்ணப் பாத்துட்டு யோசிக்கிற மாப்பிள்ளயக் கண்டிருக்கிறன். ஓடுற மாப்பிள்ளய இப்பதான் காணுறன். மனிசன் என்ன கேக்கிறாரு தெரியுமா? வந்த ஆக்களுக்கு எங்கட ஊட்டுப் பால் எறங்கல்லயா எண்டு கேக்கிறாரு."

மைமூனாவின் முகம் சுருங்கியது. "இருபத்தஞ்சு வருசமாகியும் இன்னும் நாங்க அகதியா வந்த ஆக்கள்தானா, ஹயாத்து நானா?"

"உண்மையச் சொல்லிருவம்," என்றான் ஸப்வான். "பால் எனக்கு ஒத்துக்காது. அவ்வளவுதானே?"

"சொல்லுங்க. பால் செமிக்காதவனுக்குச் சோறு எப்பிடிச் செமிக்கும் எண்டு ஒருத்தன் கேப்பான். அடுத்தவன் ஈரல் பழுது எண்டுவான். கத மதுரங்குளிக்குப் போய்ச் சேரக்குள்ள உங்கள அடக்க மையவாடியில எடம் பாத்திருப்பானுகள்."

"பெரியாஸ்பத்திரி டொக்டர் சொன்னாரே. இது நோய் இல்லயாம். பாலுக்குள்ள ஒரு சீனி இருக்காம், சில ஆக்கள்ற குடலுக்கு அத ஒடைக்க ஏலாதாம். ஒத்துக்கிறவனுக்குப் பால் நல்லமாம், எனக்கு ஒத்துக்காதாம்."

"சீனிதானே பிரச்சின?" என்றாள் மைமூனா. "அப்ப சீனி போடாமக் குடி! பால் ஒடம்புக்கு நல்லம் எண்டு ஒலகமே சொல்லுது. இவன்ட வயிறு மட்டும் எங்க படிச்சிச்சோ."

தரகர் குடையை எடுத்துக்கொண்டு கனமூலைக்குப் போனார். உடப்பிலே தோணி இறங்குகிற அவசரத்தில் ஒரு சம்மாட்டி வலை கேட்டுக் கடை வாசலில் நின்றதாகவும், வாக்குத் தவறாத பிள்ளை ஆகையால் ஓடியதாகவும் அளந்துவிட்டு, வெற்றிலைச் சிவப்போடு திரும்பி வந்தார்.

"முடிச்சிட்டன். ஒரே ஒரு கண்டிசன். சீதனம் வேணாம் எண்டு நீங்க சொல்லிட்டதால மனிசனுக்குப் பேரம் பேச ஒண்டும் மிஞ்சல்ல. பாலப் புடிச்சிக்கிட்டாரு. நிக்காஹ் முடிஞ்சி பால்பழம் குடுக்கக்குள்ள, சபைக்கு முன்னால முழுக் கோப்பயும் குடிக்கோணுமாம். ஒரு மொடறும் மிச்சம் வைக்கப்படாதாம்."

"பாதிக்கு முடிக்க ஏலாதா?"

"முக்காலுக்கே கேட்டுப் பாத்தன். எறங்குறாரில்ல."

"தயிர் எண்டா எனக்கு ஒண்டும் செய்யாது."

"பால்பழத்துக்குத் தயிர் குடுத்த கலியாணம் எந்த ஊருல ராசா நடந்த?"

வேண்டாம் என்று எழும்பிவிட ஸப்வானால் முடியவில்லை. அந்தச் சிரிப்பு கண்ணுக்குள்ளேயே நின்றது. கோப்பையைக் குடிக்காவிட்டால் அவள் இல்லை. குடித்தால் அவள் முன்னால், ஊர் முன்னால், மாலையும் கழுத்துமாக ஓடவேண்டி வரும். அதற்குப் பிறகும் அவள் இல்லை. எந்தப் பக்கம் புரட்டினாலும் நட்டமே காட்டுகிற வியாபாரத்தை அவன் அதுவரை கண்டதில்லை.

கலியாணத்துக்கு முந்திய நாள், பந்தல் பார்க்கிற சாட்டில் கனமூலைக்குப் போய்க் கக்கூசு எங்கே இருக்கிறது என்று பார்த்து வைத்தான். வீட்டின் பின்கோடியில் இருந்தது. போய்ச் சேர்வதற்குச் சமையற்காரர், பெண்கள் பந்தல், செவலை கட்டியிருக்கிற கொட்டில் என்று மூன்று செக்பொயின்ட். செவலை அவனை ஏற இறங்கப் பார்த்து அசை போட்டது.

கலியாண நாளில் நிக்காஹ் ஓதும்போது அவனுடைய குரல் கணீரென்றுதான் இருந்தது. ஆதிலாவுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் இருத்திய பிறகுதான் ஷெர்வானிக்குள் வேர்த்துக்கொட்டியது. அறை வாசலை அடைத்துக்கொண்டு சனம். முன்னால் முத்தலிபு, கைகட்டிக்கொண்டு, ஏலத்தில் கடைசி விலைக்குக் காத்திருக்கிறவர் மாதிரி. அவருக்குப் பின்னால் மைமூனா, வாய்க்குள் ஏதோ ஓதிக்கொண்டிருந்தாள். மோட்டார் சைக்கிளை முடுக்குகிற திறப்பை, ஸப்வான் ஓட வேண்டி வந்தால் கொடுக்க, தரகர் கையிலேயே வைத்திருந்தார்.

றஹ்மத் உம்மா தட்டோடு வந்தாள். வாழைப்பழமும் கோப்பையும் இருந்தன. ஸப்வான் கோப்பையைப் பார்த்தான். பூப்போட்ட பீங்கான் கோப்பை. முத்தலிபுவின் கோப்பை.

"பிஸ்மி சொல்லிக் குடிங்க மகன்," என்றாள் மாமி.

சொன்னான். கண்ணை மூடினான். ஒரு மிடறு இறக்கினான்.

இளஞ்சூடு. ஏலக்காய். இனிப்பு. அதற்கும் கீழே, பிறந்த நாள் முதல் சோற்றிலும் குழம்பிலும் வட்டிலப்பத்திலும் அவன் வயிறு உறவு கொண்டாடிய ஒரு ருசி. கண்ணைத் திறந்தான். தேங்காய்ப்பால்!

முக்காட்டைச் சரிசெய்கிற பாவனையில் ஆதிலா குனிந்தாள்.

"பயப்படாமக் குடிங்க. எங்கட தோட்டத்துத் தேங்காதான்."

"எப்பிடித் தெரிஞ்ச?" வாயைக் கோப்பைக்குள் வைத்துக்கொண்டே கேட்டான்.

"அண்டைக்கு நீங்க எழும்பின நேரம் ஒங்கட மொகம். முந்தி பால் குடிச்சா வாப்பாட மொகமும் அச்சொட்டா அப்பிடித்தான் போகும். ரெண்டு வருசமா உம்மா அவருக்கு இதத்தான் குடுக்கிற."

ஸப்வானுக்குப் புரையேறப் பார்த்தது. "அவருக்குத் தெரியாதா?"

"நல்ல மாடு வாய்ச்சிட்டு எண்டு நெனச்சிட்டு இரிக்காரு. கெடுத்துராதீங்க."

"அப்ப செவலட பால்?"

"கன்டுக்கு மிஞ்சினத என்ட தம்பி குடிப்பான். வாளியோட குடுத்தாலும் அவனுக்கு ஒண்டும் செய்யாது. ஒத்துக்கிற ஒடம்பு."

ஸப்வான் உள்ளுக்குள் அல்ஹம்துலில்லாஹ் என்றான். நிக்காஹ் முடிந்தபோது சொன்னதைவிட இது ஆழத்திலிருந்து வந்தது. முகாமின் கடைசி வரிசையில் நின்ற அந்தச் சின்னப் பிள்ளை இத்தனை வருசத்துக்குப் பிறகு இப்போதுதான் வரிசையை விட்டு விலகி வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது. கோப்பையை அண்ணாந்து குடித்து, கவிழ்த்துக் காட்டினான். ஒரு சொட்டு விழவில்லை.

"எப்பிடி?" என்றார் முத்தலிபு.

"மாமா, பால் எண்டு இப்பிடியொண்ட என்ட வாழ்க்கையில குடிச்சதில்ல."

வியாபாரியின் பேச்சுதான், ஆனால் ஒரு சொல்லும் பொய்யில்லை. முத்தலிபு சபையின் பக்கம் திரும்பிக் கையை விரித்தார்.

"நான் சொன்னனா இல்லயா? எல்லாம் மாட்டில இரிக்கி!"

சனம் சிரித்தது. தரகர் மட்டும் ஸப்வானின் முகத்தையே பார்த்துக்கொண்டு, திறப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். ஊர்வலம் எந்த நிமிசமும் புறப்படலாம்.

ஸப்வான் கதிரையில் நன்றாகச் சாய்ந்து கொண்டான். காலிக் கோப்பையை றஹ்மத் உம்மாவிடம் நீட்டினான்.

"மாமி, இன்னொரு கோப்ப இரிக்கா?"

ஹயாத்து முகம்மதுவின் கையிலிருந்த திறப்பு நிலத்தில் விழுந்தது. மாமி மட்டும் மருமகனைப் பார்த்து, கண்ணின் ஓரத்தால் சிரித்துக்கொண்டே கோப்பையை வாங்கிப் போனாள். மைமூனா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் நின்ற பெண்ணிடம் சொன்னாள்:

"சின்ன வயசிலயே நான் தலையால அடிச்சிக்கிட்டன் புள்ள, பால் ஒடம்புக்கு நல்லம் எண்டு. தாய்ட சொல்லக் கேக்கிறதுக்கு இவனுக்கு ஒரு கலியாணம் வேண்டிக்கெடந்திரிக்கி."