சரிவில் ஓர் இடம்

...ஆனால் போர்வையை யார் பார்த்துக்கொள்வது, எந்தத் திட்டம் போட்டாலும் கடைசியில் அங்கே வந்துதான் முட்டி நிற்கிறது, விடிவதற்கு முன்பே மேடேறி, சரிவில் நல்ல இடமாகப் பார்த்துப் போர்வையை விரித்துவிடலாம், அது ஒன்றும் பெரிய காரியமில்லை, நிக்காசியாவுக்கு ஐம்பது தாண்டிவிட்டாலும் முழங்கால் இன்னும் சொன்னபடி கேட்கிறது, சரி, விரித்த பிறகு? இன்கா ராஜா வேடம் கட்டியவன் பல்லக்கில் ஆடி அசைந்து வந்து சேர மத்தியானம் தாண்டிவிடும், அதுவரை ஒருத்தி ஒண்ணுக்குப் போகாமல் உட்கார்ந்திருக்க முடியுமா... எழுந்து போய்விட்டு வந்தால் போர்வைமேல் வேறொரு குடும்பம் சப்பணம் போட்டு அவித்த சோளம் தின்றுகொண்டிருக்கும், கேட்டால் ஆளில்லாத போர்வை யாருக்குச் சொந்தம், சூரியனுக்கா என்று சிரிப்பார்கள், அப்படிச் சிரிப்பவர்களை அவள் குறை சொல்ல முடியாது, கல்யாணமான புதிதில் அவளும் தெயோபிலோவும் யாரோ விரித்த போர்வையில் உட்கார்ந்து அப்படிச் சிரித்தவர்கள்தான். வரிசை ஓர் அடி நகர்ந்தது. அவளும் நகர்ந்தாள். லிமாவில் ஜூன் மாதத்தில் சூரியனைப் பார்த்தவர் யார், வானம் கழுதை வயிறு மாதிரி சாம்பல் நிறத்தில் தலைக்கு மேல் தொங்குகிறது, தூறலும் இல்லை, வெயிலும் இல்லை, துவைத்த துணி மூன்று நாளானாலும் காயாது, இந்த ஊரில் நின்றுகொண்டு சூரியன் திருவிழாவுக்கு பஸ் டிக்கெட் வாங்க வரிசை, நினைத்தால் சிரிப்புதான் வருகிறது, பக்கத்தில் யாராவது இருந்தால் சொல்லிச் சிரிக்கலாம்.

இந்தி ராய்மி என்கிற இந்தச் சூரியன் திருவிழா என்ன, ஒற்றை ஆள் போய்ப் பார்த்துவிட்டு வருகிற திருவிழாவா? யோசித்துப் பார்த்தால் அதில் எல்லாவற்றுக்கும் இரண்டு பேர் வேண்டியிருக்கிறது, சூரியன் எழும்போது மூன்று கொக்கா இலைகளை விசிறிபோல் அடுக்கி, ஊதி, இரண்டு கையாலும் பக்கத்தில் இருப்பவரிடம் நீட்ட வேண்டும், யாரிடம் நீட்டுவாள், தானே தன் கையில் கொடுத்துத் தானே வாங்கிக்கொள்வாளா, சோளக் கள்ளில் முதல் சொட்டு மண்ணுக்கு, அடுத்த வாய் நமக்கு, உடனே அதே கோப்பையைக் கழுவாமல் பக்கத்து ஆளுக்கு, தனியாகக் குடிக்கிறவளைக் கஞ்சப் பிசினாறி என்பார்கள், அல்லது குடிகாரி என்பார்கள், இரண்டில் எது தேவலை... முன்னால் யாராவது படம் பிடிக்க எழுந்து நின்றுவிட்டால் சரிவே கத்தும், உட்காருய்யா, உட்காருய்யா, உங்கப்பன் கண்ணாடிக் கடைக்காரனா, உன் முதுகு வழியாப் பாக்க, உருளைக்கிழங்குத் தோலும் ஆரஞ்சுத் தோலும் பறக்கும், தெயோபிலோவுக்குக் குறி தப்பாது, கொத்தனார் கை, செங்கல் வீசிப் பிடித்துப் பழகிய கை, தோலை எறிந்துவிட்டு ஒன்றும் அறியாதவன்போல் வானத்தைப் பார்ப்பான், அடி வாங்கியவன் திரும்பி முறைப்பது அவளைத்தான். ராஜா வேடக்காரன் கெச்சுவாவில் முழங்க ஆரம்பித்ததும் தெயோபிலோ அவள் காதோடு சொல்வான், "பாரு, நம்ம பாஷையப் பாதிரியார் பிரசங்கம் மாதிரி பேசுறான், இவன் போய்ச் சந்தையில கத்தரிக்கா விலை கேட்டா ஒருத்தியும் கொடுக்க மாட்டா." வருஷா வருஷம் அதே நகைச்சுவை, வருஷா வருஷம் அவளும் புதிதாகக் கேட்பதுபோல் சிரிப்பாள், போன வருஷம் மட்டும் முதுகு வலியில், போதும்யா, இதையே எத்தனை தடவ சொல்லுவ, என்று சொல்லிவிட்டாள். அடுத்த மாதம் போய்விட்டான். அவள் சிரித்திருக்கலாம், காசா பணமா.

"தனியாவா போறீங்க?" வரிசையில் முன்னால் நின்ற பெண்தான் கேட்டாள், அபன்காய் ஊர்க்காரி என்று அவளே சொல்லியிருந்தாள், காலடியில் பெரிய மூட்டை, டீ வாங்கப் போன புருஷனுக்கும் சேர்த்து இடம் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். "நாத்தனா வீட்டுக்கு," என்றாள் நிக்காசியா, வாய் தானாகச் சொல்லிவிட்டது. "அப்போ என்ன கவலை, கறியும் சோறுமா கவனிப்பாங்க!" கவனிப்பார்கள், ஏன் கவனிக்க மாட்டார்கள், எர்மெலிண்டா மதினி வீட்டு அடுப்பு அணைந்து யாரும் பார்த்ததில்லை, திருவிழா நடக்கும் குஸ்கோவுக்கு வெளியே இரண்டு மலை தள்ளி அந்த வீடு, திருவிழாவுக்கு முதல்நாள் போய் இறங்கினால் மாடியறையில் செம்மறித்தோல் மேல் படுக்கை தயாராக இருக்கும், ஒவ்வொரு மே மாதமும் போன் வரும், தம்பி, மேட்டுல போர்வை போட்டு வைக்கவா, எத்தன பேரு வர்றீங்க, என்று கேட்பாள், வருகிறவர்கள் எப்போதும் இரண்டு பேர்தான் என்று தெரிந்தும் கேட்பாள், பிள்ளை குட்டி இல்லாதவர்களிடம் அப்படிக் கேட்பது ஒரு மரியாதை. இந்த மே மாதம் போன் வரவில்லை. மாதம் முடிகிற வரை நிக்காசியா சமையல் செய்யும் இடத்திலேயே போனை வைத்திருந்தாள், சந்தையில் அவள் மத்தியானச் சாப்பாடு போடுகிற கடையில், எண்ணெய் தெறிக்கும் என்று தெரிந்தும், வரவில்லை. ஏன் வரும்?

ஐந்தாம் நாள் துணி விஷயம்தான், வேறென்ன. அவர்கள் ஊர் வழக்கத்தில் செத்தவரின் துணிமணியை ஐந்தாம் நாள் ஆற்றில் துவைக்க வேண்டும், ஒன்று விடாமல், உள்ளாடை முதல் தொப்பி வரை, துவைக்கிற உரிமை கூடப் பிறந்தவர்களுக்கு, கட்டிக்கொண்டவள் தண்ணீரில் கை வைக்கக் கூடாது, கரையில் உட்கார்ந்திருக்க வேண்டும், அவளுக்குக் கையில் ஒரு கோப்பை கொடுத்து மற்றவர்கள் துவைத்துக்கொண்டே அவனைப் பற்றிப் பேசுவார்கள், திட்டுவார்கள், சிரிப்பார்கள், எண்ணி எண்ணிக் காயப்போடுவார்கள், ஒரு கைக்குட்டை மிச்சமிருந்தாலும் போனவன் கால் வாசலைத் தாண்டாது என்பார்கள். எர்மெலிண்டா மதினியால் அடக்கத்துக்கு வர முடியவில்லை, மலைப்பாதையில் மண் சரிந்திருந்தது, எப்படியோ மூன்று வண்டி மாறி ஐந்தாம் நாள் காலையில் வந்து சேர்ந்தாள், கையில் புதுச் சோப்பும், சுற்றிக் கட்டிய சோளமாவும், வந்து பார்த்தால் எல்லாம் துவைத்துக் கொடியில் தொங்குகிறது. முதல்நாளே நிக்காசியா தனியாக, பிளாஸ்டிக் தொட்டியில், கதவைச் சாத்திக்கொண்டு துவைத்துவிட்டாள். மதினி கொடியைப் பார்த்தாள், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை மெதுவாக நடந்து பார்த்தாள், சோப்பை மேசைமேல் வைத்தாள், சாப்பிட்டாள், மறுநாள் கிளம்பிவிட்டாள். திட்டியிருந்தால் தேவலை. இந்த ஊர் ஆறு சாக்கடை, அதில் யார் துவைப்பார்கள், நீங்க வருவீங்களோ மாட்டீங்களோன்னு நெனச்சேன், அவ்வளவு தூரம் வந்து சிரமப்பட வேணாமேன்னு... எத்தனை காரணம், அவள் கிளம்பிப் போன பிறகுதான், இந்தப் பதினோரு மாதமாகக் குளிக்கும்போதும் வெங்காயம் அரியும்போதும் வரிசையாக வருகின்றன, கேட்கத்தான் ஆளில்லை.

அப்படியானால் எதற்காகப் போகிறாய், என்று தன்னையே கேட்டுக்கொண்டாள், விடுதியில் தங்கலாம், திருவிழாச் சமயத்தில் விடுதிக்காரன் வெள்ளைக்காரனுக்குச் சொல்கிற வாடகையைத்தான் இவளுக்கும் சொல்வான், பஸ் நிலையத்தில் படுக்கலாம், குளிர் எலும்பைத் தின்றுவிடும், மேட்டில் போர்வை விரித்து, முகத்தில் வெயில் சுட, முதுகு குளிரில் விறைக்க, எதிர்ச்சரிவில் எங்கேயோ மதினி குடும்பம் உட்கார்ந்திருக்கும், அவளைப் பார்ப்பார்கள், அல்லது பார்த்தும் பார்க்காதவர்கள்போல்... அதற்கு இங்கேயே இருக்கலாமே? இங்கே என்ன இருக்கிறது, கடையைச் சாத்திவிட்டு வந்து நின்றுகொண்டே சாப்பிடுகிறாள், உட்கார்ந்தால் எதிர் நாற்காலி காலியாகத் தெரிகிறது, நின்றால் தெரிவதில்லை. தனியாக இருப்பது அவளுக்குப் பிடிக்கவில்லை, பழகிவிடும் என்றார்கள், பழகவில்லை, அவ்வளவுதான். கவுன்ட்டரில் உட்கார்ந்திருந்த பெண் எட்டிப்பார்த்துக் கத்தினாள், "குஸ்கோ போறவங்க, திருவிழாவுக்கு முந்தின வண்டியில கொஞ்சம் சீட்டுதான் மிச்சம், அப்புறம் என்னத் திட்டாதீங்க!" வரிசை சலசலத்தது, அபன்காய்க்காரி புருஷனைத் தேடிக் கழுத்தை நீட்டினாள், நிக்காசியா போனை எடுத்தாள். மதினி வரச் சொன்னால் டிக்கெட், சொல்லாவிட்டால் வீட்டுக்குத் திரும்பி நடக்க வேண்டியதுதான்.

மணி அடித்துக்கொண்டே இருந்தது, வைத்துவிடலாம் என்று நினைக்கும்போது மதினி எடுத்தாள், பின்னால் கோழி கத்துகிறது, அதே கோழியாக இருக்காது, போன வருஷத்துக் கோழி எப்போதோ குழம்பாகியிருக்கும். "யாரு?" என்றாள் மதினி, பெயர் திரையில் தெரிந்திருக்கும், இருந்தாலும் கேட்டாள். "நான்தான் மதினி, நிக்காசியா." "உயிரோட இருக்கியா?" "இருக்கேன்." "சந்தோஷம்." "மதினி, திருவிழாவுக்கு... டிக்கெட் எடுக்க நிக்கிறேன், வரலாமான்னு..." "இதென்ன கேள்வி, சூரியன என் வீட்டுப் பரண்லயா பூட்டி வச்சிருக்கேன்? வர்றவங்க வர வேண்டியதுதான்." அது வா என்பதா, வந்தால் வந்துகொள் என்பதா, அவளுக்குப் புரியவில்லை, அவசரமாகச் சொன்னாள், "துணி விஷயத்துல நான் செஞ்சது தப்புதான் மதினி, நீங்க அவ்ளோ தூரம் வந்து..." "தப்புதான். நான் அதுக்கா பேசாம இருக்கேன்னு நெனச்ச?" என்றாள் மதினி, குரல் தாழ்ந்துவிட்டது, "கொடியில நான் எண்ணிப் பாத்தேன் நிக்காசியா. நான் பின்னிக் கொடுத்ததக் காணோம். அந்தப் பழுப்பு ஸ்வெட்டரு, ஒரு கை நீளமாப் போச்சுன்னு ஊரே சிரிச்சுதே, அது." சாக்கடை ஆறு, தூரம், சிரமம், எல்லாக் காரணமும் ஒரே நொடியில் உதிர்ந்து போயின, மதினி வந்து எண்ணுவாள் என்பதற்காகத்தான், எண்ணும்போது ஒன்று குறையக் கூடாது என்பார்களே அதற்காகத்தான், முதல்நாளே நிக்காசியா கதவைச் சாத்திக்கொண்டாள், எல்லாவற்றையும் தண்ணீரில் போட்டாள், அதை மட்டும் தலையணைக்குள் திணித்தாள், இதை அவள் தனக்குக்கூடச் சொல்லிக்கொண்டதில்லை. "நீயாச் சொல்லுவேன்னு ஒரு வருஷமா இருக்கேன்." "துவைக்கணுமா மதினி? கொண்டு வரேன், ஆத்துலயே..." "துவைக்க யார் கேட்டா? அவன் அப்படி அவசரமா எங்க போகணும், இருக்கட்டும். கொண்டு வா, எனக்கும் ஒரு தடவ மோந்து பாக்கணும். அம்மா வயலுக்குப் போனப்பல்லாம் அவன முதுகுல கட்டித் தூக்கி வளத்தது நான்தான், நீ இல்ல. நீ மட்டும் வச்சிருந்தா எப்படி?"

பிறகு என்ன பேசினாள் என்று சரியாக நினைவில்லை, அழுதாள், அதை மட்டும் அபன்காய்க்காரி பார்த்துவிட்டு மூட்டையிலிருந்து ஒரு துண்டை எடுத்து நீட்டினாள், நாத்தனார்னாலே அப்படித்தான்மா, விடுங்க, என்றாள், கவுன்ட்டர் பெண் அடையாள அட்டை கேட்டாள், ஜன்னலோரமா என்று கேட்டாள், எதற்கோ இவள் ஆமாம் என்றாள், டிக்கெட் கைக்கு வந்தது, மிச்சமிருந்த சீட்டில் ஒரு சீட்டு அவளுடையது, மேட்டில் போர்வை இருக்கும், இலை நீட்ட ஆள் இருக்கும், கோப்பையை வாங்கிக்கொள்ள ஒரு கை இருக்கும், சந்தோஷமாக இருந்தது, வாசலுக்கு வந்து கும்பலிலிருந்து ஒதுங்கிச் சுவர்ப் பக்கம் நின்று கோட்டின் மேல் பொத்தானைக் கழற்றினாள். ஸ்வெட்டர் உள்ளேதான் இருந்தது. முதலில் தலையணைக்குள் வைத்து முகர்ந்துகொண்டிருந்தாள், பிறகு இரவில் போட்டுக்கொண்டு படுத்தாள், குளிர் வந்ததும் கடைக்கும் போட்டுக்கொண்டு போக ஆரம்பித்தாள், ஏப்ரலா, மே மாதமா... கழுத்துப் பட்டையை இழுத்து மூக்கில் வைத்தாள். வெங்காயம். சீரகம். பொரித்த எண்ணெய். இன்னும் ஆழமாக இழுத்தாள், சிமென்ட் தூசி, அவன் வேர்வை, பல்லிடுக்கில் அடக்கிய கொக்கா இலையின் பச்சை வாடை, எதையாவது ஒன்றைத் தேடினாள், திரும்பவும் வெங்காயம்தான் வந்தது, அடுப்படியில் நின்று வேர்த்த ஒரு பொம்பளையின் வாசனை, எப்போதிலிருந்து இப்படி, இத்தனை நாள் ராத்திரி இதில் முகம் புதைத்து அவன் இருக்கிறான் என்று தூங்கினாளே, அது யார்? அவ்வளவு தூரம் போய் இதைக் கழற்றி மதினி மடியில் வைப்பாள், அவள் கண்ணை மூடிக்கொண்டு முகத்தைப் புதைப்பாள், சின்ன வயதில் முதுகில் சுமந்தவனைத் தேடுவாள், அப்போது அவளிடம் என்ன சொல்வது?