வலப்பக்க நிரை

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. பதுளையிலிருந்து வெலிமடைக்குப் போகும் பஸ்ஸில் அதுவாக வந்து பக்கத்தில் உட்கார்ந்தது. வழியில் மண்சரிவு என்று பஸ்ஸை நிறுத்தியிருந்தார்கள். பக்கத்து இருக்கைப் பெண் மடியில் ஒரு சிறு புத்தகத்தை விரித்து வைத்து, அதில் ஒரு சொல்லை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள். அச்சில் விழுந்தது நகத்துக்கு வராது என்று அவளுக்கும் தெரிந்திருக்கும். பேச்சைத் தொடங்கியவள் அவள்தான். நான் கதை எழுதுகிற ஆள் என்று தெரிந்த பிறகும் நிறுத்தவில்லை. அது அவள் செய்த இரண்டாவது தவறு.

அவளை விஜிதா என்று வைத்துக்கொள்வோம்.*

* மாற்றிய பெயர். இந்தப் பெயரில் உங்கள் வேலையில் வேறு யாரும் இருக்கிறார்களா என்று கேட்டேன். "மூண்டு பேர் இருக்கினம்" என்றாள்.  ஏன் கேட்டேன் என்று போகப்போகத் தெரியும்.

2

ஆரம்பத்தைச் சில விதமாக எழுதிப் பார்த்தேன்.

பனி மூடிய மலைச்சரிவில், முதுகில் கூடையோடு ஒரு பெண்— (வேண்டாம். பனியும் கூடையும் காலண்டருக்குப் போதும்.)

பெண்களின் சமத்துவத்துக்கான பயணத்தில் நாம் இன்னும் கடக்க வேண்டிய— (இது விஜிதாவின் அலுவலக அறிக்கையில் வரும் வரி. எழுதிய அவளே கொட்டாவி விடுவாள்.)

ஆகவே நேராகவே சொல்கிறேன். விஜிதா பதுளை நகரில் ஒரு பெண்கள் அமைப்பில் வேலை செய்கிறாள். அப்பா யாழ்ப்பாணத்திலிருந்து கிளார்க்காக வந்து, இந்தக் குளிருக்குப் பழகி, இங்கேயே வீடு கட்டியவர். விஜிதாவின் வேலை, பின்னேரத்தில் தோட்டங்களுக்குப் போய், வேலை முடிந்து வரும் பெண்களை உட்காரவைத்து, சட்டம் அவர்களுக்கு என்ன தந்திருக்கிறது என்று சொல்வது; அதைவிட அதிகமாக, அவர்கள் சொல்வதைக் கேட்பது.

எந்தத் தோட்டம் என்று சொல்ல மாட்டேன். எல்லப் பக்கம் என்று நினைத்துக்கொள்ளுங்கள். பிடிக்காவிட்டால் வேறு பக்கம் நினையுங்கள்.

அந்தத் தோட்டத்தில் ஒருத்தி, கூட்டம் கலைந்த பிறகு பின்தங்கி நின்று, கங்காணியைப் பற்றிச் சொன்னாள். கொழுந்து நிறுக்கும் இடத்தில், சாக்கை இறக்கிவிடுகிற சாக்கில் பெண்களைத் தொடுவான். கையைத் தட்டிவிட்டால் மறுநாள் கூட்டத்தின் நடுவில் அசிங்கமாகப் பேசுவான். எல்லாருக்கும் தெரியும், யாரும் சொன்னதில்லை. அமைப்பு அதைக் கையில் எடுத்தது. தோட்ட அலுவலகத்தின் படியை ஏறி ஏறி இறங்கினார்கள். கடைசியில் கங்காணியை வேறு டிவிஷனுக்கு மாற்றினார்கள். வேலையை விட்டு நீக்கவில்லை, மாற்றினார்கள். இந்த வேலையில் இருப்பவர்களுக்கு அதுவே தீபாவளி.

புகார் சொன்னவளுக்கு நான் பெயர் வைக்கவில்லை. அவள் வரும் இடத்தில் இப்படி இருக்கும்: [       ].

3

வெற்றி வந்தால் அதை எழுத வேண்டும். பணம் கொடுக்கிற வெளிநாட்டுக்காரர்கள் வெற்றிக் கதை கேட்பார்கள். விஜிதா எழுதினாள். நன்றாகவே எழுதினாள். [       ] யார் என்று தெரியக்கூடாது என்பதற்காக, எல்லா அமைப்புகளும் செய்வதைத்தான் அவளும் செய்தாள். ஒரு நல்ல பெயராக யோசித்து, கலாராணி என்று வைத்து, பக்கத்தின் அடியில் சிறிய எழுத்தில் "பெயர் மாற்றப்பட்டுள்ளது" என்று போட்டாள்.

பெண்கள் தினத்தன்று அந்தச் சிறு புத்தகத்தின் தமிழ்ப் பிரதிகளை அதே தோட்டத்தில் பங்கிட்டார்கள். வடையும் கொடுத்தார்கள்.

இனி விஜிதா அப்போது அறியாத ஒன்று. அந்தத் தோட்டத்தில் அவளுக்கு நன்றாகத் தெரிந்த பெண் ஒருத்தி உண்டு. எந்தக் கூட்டத்துக்கும் முதலில் வருபவள், பால் விடாத சாயத்தண்ணி ஊற்றிக் கொடுப்பவள், பவுனு. வீட்டில் பவுனு, லயத்து வரிசை வீடுகளில் பவுனு, கோயிலில் பவுனு. அவளுடைய பதிவுப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது ஓர் இடத்தில் மட்டும்தான்: விடியற்காலைப் பெரட்டில், வேலைக்கு ஆள் எடுக்கும்போது. பெரட்டில் நிற்கிற அத்தனை பேருக்கும் அந்தப் பெயர் தெரியும். பின்னேர வேனில் வருகிற விஜிதாவுக்குத் தெரியாது.

பவுனுவின் பதிவுப் பெயர் கலாராணி.

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கான கதை என்பார்கள். இங்கே பிள்ளையாரும் சரியாகத்தான் வந்தார். ஆனால் வேறொருத்தியின் தலையில் போய் உட்கார்ந்துவிட்டார்.

4

(இந்தப் பகுதியில் கங்காணியின் வீட்டுக்குள் போய், அவனுடைய பக்க நியாயத்தையும் எழுதுவதாக இருந்தேன். வாசல் வரை போனேன். அவனுடைய நியாயத்தை அந்தத் தோட்டத்தின் மூன்று லயங்களிலும் ஏற்கனவே நிறையப் பேர் பேசிக்கொண்டிருந்தார்கள். திரும்பிவிட்டேன்.)

5

அந்த மூன்று லயங்களிலும் பாதிப் பேர் கங்காணிக்குச் சொந்தம். புத்தகத்தைப் பார்த்ததும் புகார் சொன்னவள் பவுனுதான் என்று முடிவு கட்டிவிட்டார்கள். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? "பேர மாத்திட்டாங்கன்னா இவ பேரு எப்படி வரும்?" என்று கேட்டார்கள். கேள்வியில் தப்பே இல்லை.

விஷயம் காதுக்கு எட்டியதும் விஜிதா ஓடினாள். பவுனு வழக்கம்போல் சாயத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள். அவளுடைய ஒரு காது வீங்கியிருந்தது.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ பவுனு அக்கா. அது உங்கட பேர் எண்டு எனக்குத் தெரியாது."

"ஒரு நாளு பெரட்டுக்கு வந்திருந்தீங்கன்னா தெரிஞ்சிருக்கும் மிஸ்."

விஜிதா கோப்பையைக் கீழே வைத்தாள்.

"பழி ஓரிடம் பாவம் ஓரிடம்னு ஆயிருச்சு. பேசாட்டிப் போறாங்க. பீலியில தண்ணி புடிக்கப் போனா வெலகிப் போறாங்க, அதுவும் போகட்டும். நெரையிலதான் மிஸ் பயமா இருக்கு. பக்கத்து நெரை வேணாம்னு எல்லாரும் மாத்திக்கிட்டுப் போயிடுறாங்க. எனக்கு இந்தப் பக்கமும் ஆளில்ல, அந்தப் பக்கமும் ஆளில்ல. அன்னைக்குக் குளவி கெளம்பினப்ப எல்லாரும் கையப் புடிச்சு இழுத்துக்கிட்டு ஓடிட்டாங்க. எனக்குச் சொல்ல ஆளில்ல. காதோட போச்சு. அடுத்த தடவ?"

நகரத்து வாசகருக்கு ஒரு குறிப்பு: கொழுந்து பறிக்க ஆளுக்கொரு செடி வரிசை உண்டு, அதுதான் நிரை. தேயிலைச் செடிக்குள் குனிந்திருப்பவளுக்குக் குளவிக்கூடு தெரியாது. பக்கத்து நிரைக்காரி கத்தினால்தான் தெரியும். குளவி கொட்டிச் செத்தவர்கள் மலையில் உண்டு.

இந்த இடத்தில் பவுனுவைப் பெருந்தன்மையாகப் பேசவைக்க எனக்கு ஆசையாக இருந்தது. "நான் தாங்கிக்கிறேன் மிஸ், அவ நல்லா இருக்கட்டும்" என்று ஒரு வரி எழுதியும் பார்த்தேன். கண்ணீர் வருகிற வரி. பவுனு அப்படிச் சொல்லவில்லை.

"யாருன்னு சொல்லிருங்க மிஸ். நான் சண்டைக்குப் போகல. என்னையவாவது விட்டுருவாங்கல்ல?"

விஜிதா சொல்லவில்லை. சொல்லக் கூடாதுதான். ஆனால் சொல்லாமல் இருந்ததற்காக எனக்கு அவள்மேல் கோபம் வந்தது. பஸ்ஸில் அதை அவளிடமே சொன்னேன். "எனக்கும் என்னில கோபம்தான்" என்றாள்.

6

அலுவலகத்தில் ஸவாஹிரா மேடத்திடம் போனாள். அமைப்பைத் தொடங்கி நடத்துபவர். கெட்டிக்காரர், அதனாலேயே அவரோடு வாதாட முடியாது.

"திருத்தம் ஒண்டு போடுவம் மேடம். இது அவ இல்லை எண்டு."

"அது அவ இல்லண்டா, அப்ப யாருண்டு கேப்பாங்க. அந்தக் கூட்டத்துல எத்தன பேர் இருக்காங்க? ஒவ்வொருத்தியா கழிச்சிக்கிட்டு வந்தா பின்னேரத்துக்குள்ள புடிச்சிடுவாங்க. நம்மள நம்பி வாயத் தொறந்தவ அவ ஒருத்திதான், விஜிதா."

விஜிதாவால் மறுத்துப் பேச முடியவில்லை. என்னாலும் முடியவில்லை. உங்களால் முடிந்தால் இந்தப் பகுதியின் ஓரத்தில் எழுதுங்கள்.

7

அந்த வாரமே [       ] பதுளை பஸ் ஸ்டாண்டில் விஜிதாவைப் பிடித்துக்கொண்டாள். சந்தைப் பையை நெஞ்சோடு அணைத்திருந்தாள்.

"என்னைய சொல்லிறாதீங்க மிஸ். வீட்டுக்காரருக்கே தெரியாது. கங்காணிக்கு அவுகதான் அக்கா மகன்."

"பவுனு அக்காவை நினைச்சுப் பாத்தீங்களா?"

"நெனைக்காத நேரமில்ல. நானும் தள்ளிப் போய்த்தான் நெரை புடிக்கிறேன். எல்லாரும் வெலகி நிக்கிறப்ப நான் மட்டும் போய் அவ பக்கத்துல நின்னா, ஏன் நிக்கிறான்னு பாப்பாங்கல்ல? அன்னைக்கே தெரிஞ்சு போயிரும்."

பஸ் வந்தது. அவள் ஏறிப் போய்விட்டாள்.

மண்சரிவை ஒதுக்கியதும் எங்கள் பஸ்ஸும் கிளம்பியது. விஜிதா தன் இடத்தில் இறங்கிக்கொண்டாள். போகும்போது, "முடிவை நல்லா எழுதுங்கோ" என்றாள். எழுதுகிறவர்களிடம் எல்லாரும் சொல்வதுதான்.

8

இனி வருவது நான் உண்டாக்கியது.

முதல் முடிவு: பவுனு ஒருநாள், "குடுக்காத புகாருக்கே இவ்வளவுன்னா, குடுத்துத்தான் பாப்போமே" என்று எழுந்து, பெண்களைத் திரட்டி, தலைவியாகி— (அடுத்த வெற்றிக் கதைக்கு நன்றாக இருக்கும். அவள் முதலில் குளவியிலிருந்து பிழைக்க வேண்டும்.)

இரண்டாவது முடிவு: வேலைக்குச் சேர்ந்த நான்கு வருடத்தில் முதல் தடவையாக விஜிதா விடியற்காலைப் பெரட்டுக்கு வருகிறாள். குளிரில் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு ஓரமாக நிற்கிறாள். புதிய கங்காணி பெயர்களைக் கூப்பிடுகிறார். "கலாராணி." "இருக்கேன்" என்கிறது பவுனுவின் குரல். விஜிதாவுக்கு அழுகை வருகிறது. அழுதுவிட்டு, பவுனுவின் பக்கத்து நிரையில் தானே போய் நிற்கிறாள்.

இதை எழுதியபோது எனக்குப் பிடித்திருந்தது. மறுநாள் பிடிக்கவில்லை. விஜிதா ஒரு நாள் நிற்பாள். வேன் வரும், ஏறுவாள். அடுத்த நாளும் மலையேற வேண்டியவள் பவுனு. பெயரைக் கூப்பிட்டது வரைக்கும் வைத்துக்கொண்டு மீதியை அடித்துவிட்டேன். விஜிதா ஓரத்திலேயே நிற்கட்டும்.

9

ஆக, அங்கிருந்தே தொடர்கிறேன். நிரை பிரிக்கிறார்கள். பவுனு நடுச்சரிவில் தன் நிரைக்கு ஏறுகிறாள். அவளுக்கு இடப்பக்கம் ஒரு நிரை, வலப்பக்கம் ஒரு நிரை. இரண்டுக்கும் உரியவர்கள் வழக்கம்போல் வேறு நிரைக்கு மாற்றிக்கொண்டு தள்ளிப் போகிறார்கள். கூட்டம் கொஞ்சம் சிரிக்கிறது. விஜிதா கீழே நின்று பார்க்கிறாள்.

[       ] தலைத்துண்டை இறுக்கிக் கட்டிக்கொள்கிறாள். யாரையும் பார்க்கவில்லை. சரிவில் குறுக்காக நடந்து போய், பவுனுவின் இடப்பக்க நிரையில் இறங்குகிறாள். கொழுந்துக்குக் கையை நீட்டுகிறாள்.

பவுனு நிமிர்ந்து பார்க்கிறாள். மறுபடி குனிந்து கொழுந்தைக் கிள்ளுகிறாள்.

சிரிப்பு நின்றுவிட்டது. மலையில் அத்தனை பேரும் இடப்பக்கம் வந்து நின்றவளைத்தான் பார்க்கிறார்கள். இன்னும் யாரும் வாய் திறக்கவில்லை. திறக்கப் போகிறார்கள்.

இதுவரைக்கும் என்னால் எழுத முடிந்தது. ஒருத்தி போய் நின்றால் அவள்தான் என்று தெரிந்துவிடும். இரண்டு பேர் நின்றால் யார் என்று தெரியாது. மூன்று, நான்கு என்று போனால் கேள்வியே செத்துவிடும். எனக்குத் தேவை இன்னும் ஒரே ஒருத்தி. மலை முழுக்கத் தேடினேன். கங்காணியின் கை பட்ட பெண்கள் நிறையப் பேர் அங்கே இருந்தார்கள். ஒருத்தியைக் கிளப்பி அனுப்ப என் கையில் பேனா இருந்தது. அனுப்பினால் அது பொய் என்று எனக்கே தெரிந்தது.

அதனால் அந்த இடத்தை நிரப்பாமல் விடுகிறேன். நீங்கள் யாரை அனுப்புவீர்களோ அனுப்புங்கள். பெயர் மட்டும் வைக்க வேண்டாம்.

பவுனுவுக்கு வலப்பக்க நிரை இன்னும் காலி. எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.