அத்தான் என்றொரு காளான்

காட்டுப் பாதைக்கு மேலே, சரிவில் விழுந்து கிடந்த பெரிய மரத்தில் ஒரு காளான் இருந்தது. குடை பிடிக்கிற காளான் இல்லை. சுவரில் அடித்த அலமாரிப் பலகை மாதிரி மரத்தின் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டு வளர்கிற தட்டுக்காளான். முறத்தின் அகலம், தட்டினால் கட்டைச் சத்தம். அதற்கு 'அத்தான்' என்று பெயர் வைத்தவன் காளான்காரியின் தம்பி.

காளான்காரி என்றால் காளான் விற்கிறவள் என்று நினைத்துவிடாதீர்கள். விழுந்த மரங்களில் என்னென்ன காளானும் பூஞ்சணமும் ஏறுகின்றன என்று வாராவாரம் போய் அளந்து வருவதுதான் அவள் வேலை. வீட்டில் கல்யாணப் பேச்சை எடுத்தால் எழுந்து போய்விடுவாள்; இந்த மரத்தைப் பார்க்க மட்டும் கொட்டுகிற மழையிலும் ஓடுவாள். "அப்ப இதுதான் எனக்கு அத்தான்" என்று தம்பி ஒருநாள் சொல்லிவைக்க, பாதை வெட்டுகிற ஆட்கள் எல்லோருமே "அத்தான் சௌக்கியமா?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். அவள் முறைப்பாள், அப்புறம் சிரித்துவிடுவாள்.

தம்பி அந்தக் கூட்டத்தில் மோட்டார் ரம்பம் பிடிக்கிறவன். போன மாதம் மேஸ்திரி இந்த மரத்தைத் துண்டு போடச் சொன்னபோது, அவள் பதறிப்போய் ஒரு பொய் சொன்னாள். வாய் கூசாமல் சொன்னாள். "தொட்டீங்கன்னா உருண்டுரும். கீழ நிக்கிறவன் கதை முடிஞ்சுது."

மேஸ்திரி லேசுப்பட்டவரா? இரும்புக் கயிறு கட்டி, வண்டியில் பூட்டி இழுத்தே பார்த்துவிட்டார். கயிறுதான் அறுந்தது, மரம் இம்மிகூட அசையவில்லை. "கிடந்து தொலையட்டும்" என்று மரத்தை விட்டார், தம்பியை விடவில்லை. அக்கா சொன்ன பொய்க்கு எல்லோர் முன்னாலும் வாங்கிக் கட்டிக்கொண்டவன் அவன்தான். அன்றிலிருந்து அவளிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

ஒரு வாரம் அடைமழை பெய்து அன்றுதான் வெறித்திருந்தது. அவள் வந்ததும் வழக்கம்போல ஃபிளாஸ்க் மூடியில் டீ ஊற்றி அத்தான் தலையில் வைத்தாள். அதுதான் அவளுக்கு மேசை. தட்டுக்காளான் எப்போதும் தரைக்கு மட்டமாகத்தான் வளரும். இத்தனை வருஷத்தில் ஒரு சொட்டு சிந்தியதில்லை. இன்று மூடி மெதுவாக நகர்ந்தது. மரத்தில் போய் முட்டியது. டீ முழுக்கக் கொட்டியது.

சூடு பட்ட விரலை உதறிக்கொண்டே குனிந்து பார்த்தாள். அத்தானின் விளிம்பு மேலே தூக்கியிருந்தது. பக்கத்திலிருந்த குட்டிக் காளான்களும் ஒன்று விடாமல் அதே மாதிரி. போன வாரம் எல்லாம் மட்டமாக இருந்தவை. காளான் ஒரு வாரத்தில் தானாகத் திரும்பாது, மரம்தான் திரும்பியிருக்கிறது, பள்ளத்தைப் பார்த்து. மரத்தடியில் மண் புதிதாகப் பிளந்திருந்தது, கை நுழைந்தது. அன்று இழுத்த இழுப்பு, அதற்கு மேல் இந்த மழை.

கீழே ரம்பம் உறுமியது.

எட்டிப் பார்த்தாள். பாதையை அடைத்துக்கொண்டு ஒரு ஒல்லி மரம் விழுந்திருந்தது. அதன் நுனி இந்தப் பெரிய மரத்துக்கு முட்டுக்கொடுத்து நின்றது. அதுவும் வெள்ளைப் பூஞ்சணம் போர்த்தி உளுத்துப்போனது. அதைத்தான் தம்பி மண்டியிட்டு அறுத்துக்கொண்டிருந்தான். மற்றவர்கள் வளைவுக்கு அந்தப் பக்கம்.

"டேய்! நிறுத்துடா!"

காதில் உறை மாட்டியிருந்தவனுக்கு எங்கே கேட்கும்? ஒரு கூழாங்கல்லை எடுத்து எறிந்தாள். முதுகில் பட்டதும் ரம்பத்தை அணைத்து, உறையைத் தள்ளிவிட்டு நிமிர்ந்தான்.

"மரம் உருளுதுடா! வெளிய வா!"

"ஆரம்பிச்சிட்டியா? போன மாசம் பாடுன பாட்டுதானே?"

"காளான் எல்லாம் சாஞ்சிருக்குடா!"

"ஏன், அத்தானுக்குத் தலை சுத்துதாமா? போக்கா அந்தப் பக்கம். மதியத்துக்குள்ள பாதை திறக்கலேன்னா மேஸ்திரி என் தோலை உரிச்சிருவாரு."

"அம்மா மேல சத்தியம்டா!"

"அன்னைக்கும் அம்மா மேலதான் பண்ணே."

உறையை மாட்டினான். ரம்பம் மறுபடி உறுமியது.

பாழாய்ப்போன வாய், அவளுடைய வாய்! முட்புதரைச் சுற்றிக்கொண்டு இறங்குவதற்குள் அவன் அறுத்து முடித்துவிடுவான். இன்னொரு கல்லை எறிந்தாள். தோளில் பட்டது. அவன் திரும்பவேயில்லை. அவள் கண்ணெதிரே அத்தானின் விளிம்பு இன்னும் கொஞ்சம் தூக்கியது.

அவள் வேலைக்குச் சேர்ந்தபோது உள்ளங்கை அகலம் இருந்த காளான் அது. யாராவது விரல் வைத்தால்கூடச் சண்டைக்குப் போவாள். அதை இரண்டு கையாலும் அடியோடு பிடித்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு திருகினாள். நகம் பெயர்ந்தது. உளுத்த கட்டையைப் பிய்த்துக்கொண்டு அத்தான் கையோடு வந்துவிட்டார். அப்படியே தூக்கி அவன் முன்னால் வீசினாள்.

அது ரம்பத்துக்கு முன்னால் விழுந்து இரண்டாகப் பிளந்தது. தம்பி அதைப் பார்த்தான், நிமிர்ந்து அக்காவைப் பார்த்தான். ரம்பத்தைப் போட்டுவிட்டு எடுத்தான் ஓட்டம்.

முட்டு முறிந்தது. மரம் ஒருதரம் முனகிவிட்டுப் புரண்டது, பாதையைத் துடைத்துக்கொண்டு ரம்பத்தோடு பள்ளத்தில் போய் விழுந்தது. அவன் மண்டியிட்டிருந்த இடத்தில் வெறும் மண்தான் இருந்தது.

அவன் முட்புதரைக் கிழித்துக்கொண்டு மேலே வந்தபோது அவள் தரையில் உட்கார்ந்திருந்தாள். அவன் கையில் காளானின் ஒரு பாதி. எப்போது எடுத்தான் என்று அவனுக்கே தெரியாது.

"நீ கத்துனதை நம்பலக்கா. இது வந்து விழவும்தான்..." கையிலிருந்த பாதியைத் திருப்பிப் பார்த்தான். "அத்தானைப் போயி உடைச்சிட்டியேக்கா."

அவள் அவன் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். பிறகு அவன் சட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள்.

"காளான் வேற வளரும்டா. வேற தம்பிக்கு நான் எங்க போவேன்?"