செரினுக்கு இரண்டு மதிப்பெண்

கல்லூரி விட்டுக் குணா சேவூர் சாயப்பட்டறைக்கு வந்தபோது அவன் அண்ணன் வீரனை இரண்டு பேர் அடித்துக்கொண்டிருந்தார்கள். மூன்றாவதாகக் கோபிநாத் செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டு வந்து சேர்ந்துகொண்டார். பட்டு காயுமிடத்தில் செருப்போடு நடக்கக் கூடாது என்ற அளவுக்கு அவர் தொழில் கற்றிருந்தார்.

அதற்கு மேல் கற்கவில்லை. போன மாதம் வரை மனை விற்றவர். சாயம் போடுமுன் வேகவைக்கச் சொல்லி வீரனிடம் பத்து கிலோ கச்சாப் பட்டு கொடுத்தார். காய்ந்தபின் நிறுத்தால் ஏழரை.

"ரெண்டரை கிலோ எங்கடா? வெந்துகினு இருக்கும்போதே துன்னுட்டியா?"

"பசை போச்சுங்க. வேக வெச்சா கால் பங்கு கொறையும். யாரை வேணா கேளுங்க."

"யாரைக் கேக்கறது? பட்டறைக்காரன் எல்லாம் கூட்டுக் களவாணி!"

கோபிநாத்தின் டிரைவர் தங்கவேலு வீரனின் வலது கையை இழுத்துக் கல்மேடையில் வைத்து, நூல் புரட்டும் கழியை ஓங்கினார். "சொல்றியா? இல்ல ஒவ்வொரு வெரலா எண்ணட்டா?"

குணாவின் எடை நாற்பத்தெட்டு கிலோ. சண்டைக்குப் போகும் யோசனையே அவனுக்கு வரவில்லை. ஆனால் பதில் தெரியும். உயிர்வேதியியல் இரண்டாமாண்டு, பரீட்சையில் இதே பசையைப் பற்றிய கேள்விக்கு இரண்டுக்கு இரண்டு வாங்கியவன். முதலில் வரையறை, அப்புறம் பெயர்க்காரணம், ஆண்டு, கடைசியில்தான் விஷயம். நேராக விஷயத்துக்குப் போனால் தேவகி மேடம் அரை மார்க் போடுவார்.

"நிறுத்துங்க! செரின்!" என்று கத்தினான்.

கழி அந்தரத்தில் நின்றது. "யாருடா அது? அவன்கிட்டதான் குடுத்து வெச்சிருக்கானா?"

"இல்ல சார், அது அமினோ அமிலம். புரதத்தைக் கட்டற இருபதுல ஒண்ணு. லத்தீன்ல பட்டுக்கு செரிக்கம்னு பேரு. ஆயிரத்து எண்ணூத்தி அறுவத்தஞ்சுல, பட்டுப் பசையில இருந்துதான்…"

கழி இறங்கியது. ஆள்காட்டி விரல் காய்ந்த சுள்ளியைப் போல ஒடிந்தது. வீரன் போட்ட அலறலில் கொடியிலிருந்த காகங்கள் பறந்தன.

"…மொதமொதலா பிரிச்செடுத்தாங்க," என்று குணா வாக்கியத்தை முடித்தான். பழக்கம்.

கழி மறுபடி மேலே போனது. இப்போதுதான் அவன் விஷயத்துக்கு வந்தான். "சார், கார்ல கச்சாப் பட்டு இருந்தா நூறு கிராம் குடுங்க! உங்க எதிர்லயே வேக வெக்கறேன். கொறையலன்னா என் கையையும் சேத்து ஒடைங்க!"

இரண்டு கை என்றதும் கோபிநாத் சம்மதித்தார்.

காரிலிருந்து வந்த நூறு கிராம் நூல் சிட்டம் அண்டாவில் இறங்கியது. ரத்தம் ஊறிய துண்டில் கையைச் சுற்றிக்கொண்டு, தரையில் கிடந்தபடியே வீரன் சொல்லிக்கொடுத்தான். "சோடாவைக் கொறைடா. நூலு நைஞ்சு பூடும்." அடிப்பதற்கு இடைவேளை விட்டதால் டீ வந்தது. அடித்தவர்களுக்கும் அடிபட்டவனுக்கும் ஒரே கடை டீ. சித்திரை வெயில் நூலைச் சீக்கிரம் காயவைத்தது.

தராசு எழுபத்தைந்து காட்டியது.

"மீதி?"

குணா அண்டாவைக் காட்டினான். "தண்ணியில சார். மேல இருக்கற பசையில செரின்தான் அதிகம். சோப்பு போட்ட சுடுதண்ணியில அப்படியே கரைஞ்சிடும். உள்ள நிக்கறதுதான் நூலு."

கோபிநாத் ஆறிய தண்ணீரில் விரல் விட்டார். கொழகொழவென்று ஒட்டியது. இன்னொரு முறை நிறுத்தார். அதே எழுபத்தைந்து. திரும்பித் தங்கவேலு கன்னத்தில் இரண்டு வைத்தார்.

"ஒடைக்கச் சொன்னனாடா?"

சொல்லியிருந்தார். தங்கவேலு கன்னத்தைப் பிடித்துக்கொண்டார். கோபிநாத் செருப்பை மாட்டிக்கொண்டு, காரில் மிச்சமிருந்த மூட்டையை வாசலில் இறக்கினார். "இதையும் வேக வெச்சிடு. ஜல்தி."

ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், பைக்கின் பின்னாலிருந்த வீரன் கேட்டான்.

"அந்த எடை மேட்டரை மொதல்லயே சொல்லித் தொலைஞ்சா இன்னாடா?"

"மொதல்ல அர்த்தம் சொல்லணும்ணா. அப்பதான் முழு மார்க்."

வீரன் ஒடியாத கையால் அவன் பின்மண்டையில் ஓங்கி ஒன்று வைத்தான். வண்டி ஆடியது. குணா நேராக ஆஸ்பத்திரிக்கு விட்டான்.