இரண்டு கேஸ்கட்

அட்டாளைச்சேனையில் லைலாவின் அரிசி ஆலையில், நெல் அவிக்கும் பொயிலர் இரண்டு வருடமாக ஒழுகிக்கொண்டிருந்தது. குழாயும் பொயிலரும் சேரும் இடத்தில் இரண்டு வட்ட இரும்புத் தட்டுகள் முகத்தோடு முகம் வைத்து போல்ட்டால் பூட்டப்பட்டிருக்கும். அந்த பிளான்ஜ் இடுக்கால்தான் நீராவி சீறும். பழி மட்டும் அடுப்புக்கு உமி போடும் மசூரின் தலையில்.

"அளவு தெரியாம நெருப்பக் கூட்டுறான்," என்று வருகிற போகிற எல்லோரிடமும் லைலா சொல்வார். இளையவர்கள் காக்கா என்று அண்ணன் முறை சொல்லும் மசூர் எதிர்த்துக் கதைத்ததில்லை.

கடைசியில் பொயிலரை ஆறவிட்டு, முன்பு குழாய் பூட்டிய றெமிஜியஸையே கல்முனையிலிருந்து வரவழைத்தார்கள். கடைசி, எட்டாவது போல்ட் கழன்றதும் குழாய் தானாகவே அரை விரல் பின்வாங்கியது. இடையில் ஆவி கசியாமல் அடைக்கும் வளையமான கேஸ்கட் ஒன்று இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு, கருகி ஒட்டிக் கிடந்தன.

றெமிஜியஸ் அவற்றைச் சுரண்டி எடுத்தார். அவர் வைத்தவைதான். முதலில் பூட்டிய அன்றைக்கு அறுவடை அவசரம், குழாய் எட்டவில்லை. துண்டுக் குழாய் வெட்டிப் பற்றவைக்கும் வேலைக்குப் பஞ்சிப்பட்டு, கேஸ்கட்டை இரட்டித்து, போல்ட்டால் இழுத்துப் பூட்டிவிட்டுப் போயிருந்தார்.

லைலா வாசலில் போனில் இருந்தார். மசூர் சாம்பல் வாரிக்கொண்டிருந்தார். அந்தச் சாம்பலுக்குள் போட்டால் யாருக்குத் தெரியும்? றெமிஜியஸ் கேஸ்கட்டுகளைக் கையில் எடுத்துக்கொண்டு வாசல் பக்கம் குரல் கொடுத்தார்.

"அக்கா, இஞ்ச ஒருக்கா வாங்க."

வந்தவரிடம் நீட்டினார். "மசூர் காக்காட பிழை இல்ல இது. நான்தான் எட்டாத குழாய இழுத்துப் பூட்டினன்."

லைலா அவற்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்ப இவ்வளவு நாளும் நான் இந்த மனிசன ஏசினது?"

லைலா மசூர் பக்கம் திரும்பினார். "மசூர், மனசில வெச்சிக்காத. பிழையாக் கதச்சிட்டன்."

"அதுக்கென்ன லாத்தா," என்றார் மசூர். தலைத்துண்டை அவிழ்த்து முகத்தை நெடுநேரம் துடைத்தார்.

றெமிஜியஸ் துண்டுக் குழாய் வெட்டிப் பற்றவைத்தார். இம்முறை இரண்டு தட்டும் இழுக்காமலே பொருந்தின. ஒற்றைக் கேஸ்கட் வைத்து, எதிரும் புதிருமாகப் போல்ட்டுகளைச் சிறுகச் சிறுக முறுக்கினார். பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு நெருப்பு மூட்டினார்கள். மசூர் பிளான்ஜைச் சுற்றிக் கண்ணால் துழாவினார். ஒரு பொட்டு ஆவி இல்லை.

றெமிஜியஸ் ஸ்பனர்களைப் பைக்குள் போடும்போது மசூர் பக்கத்தில் வந்தார்.

"தம்பி, நெல் அவிக்கிற தொட்டிப் பக்கத்து பிளான்ஜும் நீங்க பூட்டினதுதானே?"

"ஓம் காக்கா."

"நாளைக்கும் வாங்களன். அதையும் ஒருக்காக் கழட்டிப் பாப்பம்."

றெமிஜியஸுக்குச் சிரிப்பு வந்தது. "காலையில ஏழு மணிக்கு வாறன்," என்றார்.